ஒரு கல்லும் நான்கு வண்டிகளும்

ராஜபாளையத்திலிருந்து மேற்கே அய்யனார் கோயிலுக்குச் செல்லும் சாலையிலும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குச் செல்லும் சாலையிலும், மலை நெருங்க நெருங்க இருபுறமும் மாந்தோப்புகளுக்கும் தென்னந்தோப்புகளுக்குமான மண்பாதைகள் கிளைபிரிகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடிவரும் நீர் மேல்மண்ணை அரித்துக்கொண்டு போய்விடுவதால், கோடையில் அப்பாதைகளில் எஞ்சுவது பெரும்பாலும் கல்லே. மாங்காய் இறக்கும் பருவத்தில் பழைய ஜீப் ஒன்றும் புதிய மஹிந்திரா தார் ஒன்றும் இத்தகைய பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்ப்பவருக்கு, இரண்டுக்கும் ஒரே சதுர முகம், ஒரே வட்ட விளக்கு, ஒரே நிறுவனம் என்பதே முதலில் தெரியும். ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவரின் அனுபவம் வேறு. பழைய ஜீப்பில் ஏறியவர் தோப்பு வந்து சேர்வதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். ஓட்டுபவரின் கையிலிருந்து ஸ்டியரிங் அடிக்கடி வெடுக்கெனப் பிடுங்கிக்கொள்கிறது. புதிய வண்டி அதே கற்களின் மேல் அசைந்து கொடுத்துப் போய்விடுகிறது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, புதிய வண்டியின் எஞ்சின் சக்தி மிக்கது என்பதாகும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து செல்லும் வண்டியில் எஞ்சினின் சக்திக்கும் பயணியின் இடுப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. விடை தரைக்கும் இருக்கைக்கும் நடுவில் இருக்கிறது: சக்கரத்தைச் சட்டத்தோடு (பட்டறை வழக்கில் சேஸிஸ்) பிணைக்கும் சஸ்பென்ஷனிலும், அதனோடு பின்னிக் கிடக்கும் ஸ்டியரிங்கிலும்.

நூற்றில் ஆறு பங்கு நொடி

ஒரே ஒரு கல்லை எடுத்துக்கொண்டு இந்த அத்தியாயம் முழுவதும் அதையே தொடர்வது வசதியாக இருக்கும். பாதையின் இடப்பக்கச் சக்கரத் தடத்தில் 10 செ.மீ. உயரமுள்ள ஒரு கல் கிடக்கிறது என்றும், வண்டி மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் வருகிறது என்றும், சக்கரத்தின் ஆரம் 35 செ.மீ. என்றும் கொள்ளலாம். சக்கரம் கல்லின் விளிம்பைத் தொடும் கணத்திலிருந்து அதன் உச்சியில் ஏறி நிற்கும் கணம் வரை வண்டி முன்னோக்கி நகரும் தொலைவு ஏறத்தாழ 24 செ.மீ. மட்டுமே. அந்த வேகத்தில் வண்டி நொடிக்கு நான்கு மீட்டருக்குச் சற்று மேல் நகர்வதால், 24 செ.மீ. கடக்க ஆகும் நேரம் நூற்றில் ஆறு பங்கு நொடி. இவ்வளவு குறுகிய நேரத்துக்குள் சக்கரம் 10 செ.மீ. மேலே எழும்பியாக வேண்டும்.

கண்ணால் கண்டதற்குக் கையால் எதிர்வினை புரிய மனிதருக்குத் தோராயமாக ஐந்தில் ஒரு பங்கு நொடி தேவைப்படுகிறது. அதாவது, எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராயினும் அவர் கை அசைவதற்குள் கல் முடிந்துபோயிருக்கும். கல்லின் மேல் சக்கரம் எந்த வழியாக எழும்புகிறது, எழும்பும்போது எந்தப் பக்கம் திரும்புகிறது, அதில் எவ்வளவு சட்டத்துக்குப் போய்ச் சேர்கிறது என்பவற்றையெல்லாம் முன்கூட்டியே தீர்மானித்திருப்பவை தண்டுகளின் நீளங்களும், அவை பொருந்தும் புள்ளிகளும், வில்லின் இளக்கமும் ஆகும். மலையடிவார வண்டிகளில் ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் இடையே நடந்த மாற்றங்களை இந்த ஒரு கோணத்தில் பார்த்தாலே அவை ஏன் நடந்தன என்பது விளங்கும்.

வில்வண்டியின் வாரிசு

1940களின் இறுதியில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கிய மஹிந்திரா நிறுவனம், பிற்காலத்து எம்.எம். 540 வரையிலான தன் ஜீப்புகளில் நான்கு சக்கரங்களுக்கும் பட்டைவில்லையே பயன்படுத்தியது. வெவ்வேறு நீளமுள்ள எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் போல்ட்டால் இறுக்கி, இரு முனைகளையும் சட்டத்தில் மாட்டிய அமைப்பு இது. மிராசுதார்கள் ஏறிப்போன வில்வண்டிக்கு அந்தப் பெயரைக் கொடுத்ததும் இதே வகை வில்தான். லாரிப் பட்டறைகளில் இதற்கு ஸ்பிரிங் பட்டை என்று பெயர்.

பட்டைவில்லின் பெருமை, அது ஒரே பொருளாக இருந்துகொண்டு பல வேலைகளைச் செய்வதில் இருக்கிறது. அது வண்டியின் எடையைத் தாங்குகிறது. அச்சு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓடிவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் குலுக்கலை ஓரளவு தணிக்கவும் செய்கிறது. உடைந்தால் எந்த ஊர்க் கொல்லுப்பட்டறையிலும் மாற்றுப் பட்டை அடித்துப் போட்டுக்கொள்ளலாம் என்பதும் அதற்குச் சாதகமே.

சிக்கலும் இதே இடத்தில் தொடங்குகிறது. எடையை நன்றாகத் தாங்க வேண்டுமானால் பட்டை விறைப்பாக இருக்க வேண்டும். கல்லை நன்றாக விழுங்க வேண்டுமானால் இளக்கமாக இருக்க வேண்டும். ஜீப்பின் பட்டை முழுச்சுமையைக் கருதி அமைக்கப்பட்டது. ஆளில்லாமல் வரும்போது தடதடவெனக் குதிக்கும் ஜீப், பின்னால் மாங்காய்க் கூடைகளை அடுக்கிய பிறகு சாதுவாகிவிடுவதன் காரணம் இதுவே: வில் மாறவில்லை, அதன் மேலுள்ள எடை மட்டும் கூடிவிட்டதால், அதே உந்தல் இப்போது கனமான உடலை மெதுவாகத்தான் அசைக்க முடிகிறது. மேலும், பட்டைகளுக்கிடையிலான உராய்வை வெல்லும் அளவுக்கு விசை வந்தால்தான் வில் வளையவே தொடங்கும். மழையில் நனைந்து துருவேறிய பட்டைகளில் இந்த உராய்வு இன்னும் கூடுதல். எனவே பெரிய பள்ளத்தில் ஓரளவு வளைந்து கொடுக்கும் பழைய ஜீப், சிறு கூழாங்கல்லுக்கு வில்லே இல்லாத கட்டைவண்டியைப் போல நடந்துகொள்கிறது.

இனி நமது கல்லுக்கு வரலாம். பழைய ஜீப்பின் முன்புறத்தில் இரு சக்கரங்களையும் இணைப்பது குறுக்கே ஓடும் ஒரே முழு அச்சு. இரு சக்கரங்களுக்கும் இடைவெளி சுமார் 125 செ.மீ. இடச்சக்கரம் கல்லில் ஏறி 10 செ.மீ. உயரும்போது அச்சு முழுவதும் நான்கரைப் பாகைக்கு மேல் சாய்கிறது. கல்லையே காணாத வலச்சக்கரமும் அதே அளவு சாய்ந்துகொள்கிறது. 70 செ.மீ. உயரமுள்ள அச்சக்கரத்தின் தலை, அதன் அடியோடு ஒப்பிட, ஐந்தரை செ.மீ. பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. அத்துடன், அச்சின் நடுவிலுள்ள டிஃப்ரன்ஷியல், உள்ளே ஓடும் அரை அச்சுகள், பிரேக் டிரம் என அனைத்தும் சேர்ந்த கனமும் அந்த நூற்றில் ஆறு பங்கு நொடிக்குள் எழும்பி, பின் விழ வேண்டியிருக்கிறது. வில்லுக்குக் கீழே இருக்கும் இத்தகைய எடையை வில் தாங்கவில்லை என்பதால் அதைத் தாங்காஎடை எனலாம். தாங்காஎடை எவ்வளவு கூடுகிறதோ, சக்கரம் எழும்பும்போது மேலே கொடுக்கும் அடியும் அவ்வளவு கூடும்.

முட்டுக்கட்டை இல்லாத திருப்பம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் கோயில் தேர் வீதி திரும்பும் இடத்தில், சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுபவர்களே அதன் ஸ்டியரிங். தேரின் சக்கரங்கள் பக்கவாட்டில் திரும்புவதில்லை என்பதால், ஒரு பக்கச் சக்கரத்தைக் கட்டையில் சறுக்கவிட்டுத்தான் திசையை மாற்ற முடிகிறது. சறுக்காமல் திரும்ப வேண்டுமானால் முன்சக்கரங்கள் தத்தம் முளையில் திரும்ப வேண்டும். அதிலும், வளைவின் உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓடுவதால், உட்புறச் சக்கரம் சற்றுக் கூடுதலாகத் திரும்ப வேண்டும். மியூனிக் நகரத்து வண்டி செய்யும் கலைஞர் லாங்கென்ஸ்பெர்கர் கண்ட இந்த ஏற்பாட்டுக்கு, லண்டனில் ருடால்ஃப் அக்கர்மன் 1818இல் காப்புரிமை பெற்றார். இன்றும் அது அக்கர்மன் பெயராலேயே வழங்குகிறது. கண்டவர் பெயர் பின்தங்கிவிட்டது.

குதிரைவண்டிக்கு இது போதுமானது. மேலும் கீழும் அசையும் சக்கரத்தைத் திருப்ப வேண்டியிருக்கும்போது வேறொரு தொல்லை வருகிறது.

கை திருப்பாமல் திரும்பும் சக்கரம்

ஓட்டுநர் பிடித்திருக்கும் வளையம், ஸ்டியரிங் பெட்டி வழியாக ஒரு தண்டைத் தள்ளுகிறது. அத்தண்டு சக்கரத்தின் முளையோடு சேர்ந்த சிறு கரத்தைத் தள்ள, சக்கரம் திரும்புகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, ஸ்டியரிங் பெட்டி சட்டத்தில் இருக்கிறது, சிறு கரமோ அச்சோடு சேர்ந்து மேலும் கீழும் போகிறது என்பதே. நடுவிலுள்ள தண்டின் ஒரு முனை நிலையானது, மறுமுனை எழும்பக்கூடியது. தண்டின் நீளம் மாறாது. ஆகவே அசையும் முனை நேராக மேலே போக முடியாமல் ஒரு வில்வடிவப் பாதையில்தான் போகும். அச்சோ, பட்டைவில் வகுத்த வேறொரு பாதையில் போகிறது. இரு பாதைகளும் பொருந்தாதபோது ஏற்படும் வித்தியாசம், ஓட்டுநர் எதுவும் செய்யாமலே சக்கரத்தைத் திருப்பிவிடுகிறது. இதை எழுச்சித்திருப்பம் என்று அழைக்கலாம்.

எண்களைக் கொண்டு பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கணக்குக்காகத் தண்டின் நீளம் 50 செ.மீ., சிறு கரத்தின் நீளம் 15 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். கல்லின் மேல் ஏறும்போது ஜீப்பின் உடலும் சற்று உயர்வதால், சட்டத்தோடு ஒப்பிடத் தண்டின் அசையும் முனை 5 செ.மீ. மட்டும் எழுவதாகவும் கொள்ளலாம். படுக்கையாக இருந்த தண்டு சாய்ந்த பிறகு, அதன் கிடைமட்ட நீட்சி 50 செ.மீ.யிலிருந்து 49.75 செ.மீ. ஆகக் குறைகிறது. வித்தியாசம் கால் செ.மீ. இந்தக் கால் செ.மீ. 15 செ.மீ. நீளக் கரத்தை இழுக்கும்போது சக்கரம் கிட்டத்தட்ட ஒரு பாகை திரும்பிவிடுகிறது. ஓட்டுநர் பிடியைத் தளர்த்தியிருந்தால் சக்கரம் நேராகவே நிற்கும், மாறாக வளையம் சுழலும். பெட்டியின் பல்விகிதம் 14க்கு 1 என்றால் வளையம் 13 பாகை, அதாவது அதன் விளிம்பு நான்கரை செ.மீ.க்கு மேல், நூற்றில் ஆறு பங்கு நொடிக்குள் வெட்டி இழுக்கும். பழைய ஜீப் ஓட்டியவர்கள் கட்டைவிரலை வளையத்துக்குள் விடாமல் வெளிப்புறத்திலேயே வைத்திருப்பது இதனால்தான். வளையத்தின் ஆரக்கால் அடித்தால் விரல் போய்விடும்.

கணக்கில் இன்னொரு செய்தியும் மறைந்திருக்கிறது. முனை 5 செ.மீ.க்குப் பதில் 10 செ.மீ. எழுந்தால் வித்தியாசம் அரை செ.மீ. ஆகும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். உண்மையில் அது ஒரு செ.மீ. ஆகிறது. எழுச்சி இருமடங்கானால் பிழை நான்கு மடங்காகிறது. தண்டு படுக்கையாக இருக்கும் நிலையை ஒட்டிய அசைவு மன்னிக்கப்படும், விலகிய அசைவு தண்டிக்கப்படும் என்ற இந்த விதி, வண்டியை உயர்த்துவதைப் பற்றிப் பேசும்போது மறுபடியும் தேவைப்படும்.

இதனோடு தேய்மானமும் சேர்ந்துகொள்கிறது. முளையின் பேரிங்குகளும் தண்டு முனைகளின் குண்டு மூட்டுகளும் தேய்ந்த வண்டியில், வளையத்தைச் சிறிது திருப்பினாலும் சக்கரம் அசையாத ஒரு வெற்று ஆட்டம் உண்டாகிறது. முழு அச்சு வண்டிகளில் இந்த ஆட்டம் குறிப்பிட்ட வேகத்தில் இருசக்கரங்களின் கூட்டு நடுக்கமாக வெடிப்பதும் உண்டு. 2023இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாருதி சுஸூகி ஜிம்னி இன்றும் முன்புற முழு அச்சையே வைத்திருப்பதால், அதன் ஸ்டியரிங் தண்டோடு அசைவைத் தணிக்கும் அதிர்வடக்கி ஒன்று தனியாகப் பொருத்தப்பட்டிருக்கிறது.

2010: முன்புறம் மட்டும்

2010இல் தார் பாலைவனத்தின் பெயரோடு வந்த வண்டி, தோற்றத்தில் பழைய ஜீப்பாகவே இருந்தது. அதன் விலை குறைந்த டி.ஐ. வகையில் முன்புறமும் பட்டைவில்லே தொடர்ந்தது. சி.ஆர்.டி.இ. வகையில்தான் மாற்றம். முன்புறத்து முழு அச்சு நீங்கி, ஒவ்வொரு சக்கரமும் தன் போக்கில் எழும்பும் தனிச்சக்கர அமைப்பு வந்தது. டிஃப்ரன்ஷியல் சட்டத்தோடு பொருத்தப்பட்டுவிட்டதால் தாங்காஎடை பெருமளவு குறைந்தது. எடையைத் தாங்க முறுக்குத்தண்டு என்னும் நீண்ட எஃகுக் கம்பி பயன்பட்டது: ஒரு முனை சட்டத்தில் இறுகியிருக்க, மறுமுனை சக்கரத்தின் கரத்தோடு சேர்ந்து முறுகும், முறுகிய கம்பி திரும்ப விரும்பும் விசையே வில்லின் வேலையைச் செய்யும். ஸ்டியரிங்குக்கு எண்ணெய் அழுத்தத்தின் துணையும் கிடைத்தது.

ஆனால் பின்புறத்தில் பட்டைவில் அப்படியே இருந்தது. நமது கல்லை முன்சக்கரம் அமைதியாகக் கடந்த பிறகு, பத்தில் ஆறு பங்கு நொடி ஆவதற்குச் சற்று முன்னதாகப் பின்சக்கரம் அதே கல்லைச் சந்தித்தபோது, இந்த வண்டியும் பழைய ஜீப்பாக மாறிவிட்டது. முன்னிருக்கையில் இருப்பவர் புதிய வண்டியைப் புகழ, பின்னால் எதிரெதிராக அமர்ந்திருப்பவர்கள் கூரையில் தலை இடித்துக்கொண்ட காலம் இது. ஒரே வண்டிக்குள் இரண்டு தலைமுறைகள் இருந்தன என்றே கூற வேண்டும்.

2020: பட்டைவில் விலகியது

2020 ஆகஸ்டு 15 அன்று அறிமுகமாகி, அக்டோபர் 2 அன்று விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறைத் தாரில், செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள மஹிந்திரா ஆராய்ச்சி மையத்தின் பொறியாளர்களின் பணி அடங்கியிருக்கிறது. வண்டியின் சட்டமே புதிதாக வடிவமைக்கப்பட்டதால், பழைய பொருத்துபுள்ளிகளுக்குக் கட்டுப்பட வேண்டிய தேவை இல்லாமல் போனது. முன்புறம் இரட்டைக் கவட்டைக்கரங்கள். கவணுக்கு வெட்டும் கவட்டைக்குச்சியின் வடிவில் மேலொன்றும் கீழொன்றுமாக இருக்கும் இக்கரங்களின் அகன்ற பக்கம் சட்டத்திலும் கூர்பக்கம் சக்கரத்திலும் பொருந்துகிறது. முறுக்குத்தண்டின் இடத்தில், அதிர்வடக்கியைச் சுற்றி அமைந்த சுருள்வில் வந்தது. பின்புறம் முழு அச்சு இருந்தது; ஆனால் அதைப் பிடிக்கும் வேலை பல தண்டுகளுக்கும், தாங்கும் வேலை சுருள்வில்லுக்கும், தணிக்கும் வேலை அதிர்வடக்கிக்கும் தனித்தனியே பிரித்துக் கொடுக்கப்பட்டது.

இந்தப் பிரிவினையே அனைத்திலும் முக்கியமானது. பட்டைவில்லில் ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் மாறிவிடும்; இளக்கமாக்கினால் அச்சு நெளியும், அச்சை உறுதிப்படுத்தினால் இருக்கை குதிக்கும். தண்டுகள் அச்சின் பாதையைத் தாமே ஏற்றுக்கொண்ட பிறகு, சுருள்வில்லை எவ்வளவு இளக்கமாக்குவது என்பதைப் பயணியின் இடுப்பை மட்டும் மனத்தில் வைத்து முடிவு செய்ய முடிந்தது. சுருள்வில்லில் உராயும் பரப்பு இல்லை என்பதால் சிறு கூழாங்கல்லுக்கும் அது இசைகிறது.

ஸ்டியரிங்கிலும் இதன் பலன் தெரிகிறது. கவட்டைக்கரங்கள் சக்கரத்தின் எழுச்சிப்பாதையைத் துல்லியமாக வகுத்துவிடுவதால், அந்தப் பாதைக்கு ஏற்றபடி ஸ்டியரிங் தண்டின் நீளத்தையும் அதன் உள்முனை இருக்க வேண்டிய இடத்தையும் தேர்ந்துகொள்ளலாம். கரம் வரையும் வில்வளைவும் தண்டு வரையும் வில்வளைவும் ஒன்றோடொன்று ஒட்டியே போனால், 10 செ.மீ. எழுந்தாலும் சக்கரத்தைத் திருப்ப மிஞ்சுவது மிகச் சிறிதே. நமது கல்லில் இடச்சக்கரம் ஏறி இறங்குகிறது; வலச்சக்கரத்துக்குச் செய்தியே எட்டுவதில்லை; வளையம் பெரும்பாலும் அசையாமல் இருக்கிறது. பழைய ஜீப்பில் துருவேறும் பட்டையும் தேயும் மூட்டும் சேர்ந்து செய்த தொல்லையை, இங்கே முன்கூட்டிப் போட்ட கணக்கு தடுக்கிறது.

பின்னச்சின் பக்கவாட்டுப் பிழை

முழு அச்சைப் பக்கவாட்டில் நகராமல் நிறுத்த உலகெங்கும் பரவலாகப் பயன்படும் எளிய வழி, பிரான்சின் பான்ஹார்டு நிறுவனத்தின் பெயரால் வழங்கும் குறுக்குத்தண்டு. ஒரு முனை சட்டத்தின் ஒரு பக்கத்திலும், மறுமுனை அச்சின் எதிர்ப்பக்கத்திலும் பொருந்தும். ஸ்டியரிங் தண்டில் கண்ட அதே பிழை இங்கும் உண்டு. 90 செ.மீ. நீளமுள்ள குறுக்குத்தண்டின் ஒரு முனை 10 செ.மீ. எழுந்தால், அச்சு அரை செ.மீ.க்குச் சற்று மேல் ஒரு பக்கமாக இழுபடும். கல்பாதையில் இது பொருட்டல்ல. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வழியாகத் தென்காசி செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது, மேடுபள்ளம் தோறும் பின்பக்கம் இடுப்பை அசைப்பது போன்ற உணர்வை இது தரும்.

2024 ஆகஸ்டில் வந்த ஐந்து கதவுத் தார் ராக்ஸ், இதற்கு ஜேம்ஸ் வாட்டிடமிருந்து விடை பெற்றது. நீராவி இயந்திரத்தின் உலக்கைத்தண்டை நேர்க்கோட்டில் நடத்துவதற்காக அவர் 1784இல் காப்புரிமை பெற்ற இணைப்பே அது. தம் கண்டுபிடிப்புகளில் இதைக் குறித்தே தாம் மிகவும் பெருமைப்படுவதாக முதுமையில் அவர் மகனுக்கு எழுதியிருக்கிறார். அச்சின் நடுவில் சுழலக்கூடிய ஒரு சிறு துண்டு இருக்கும். அதன் மேல்முனைக்குச் சட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்தும், கீழ்முனைக்கு மறுபக்கத்திலிருந்தும் ஒவ்வொரு தண்டு வரும். அச்சு எழும்போது ஒரு தண்டு இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் சம அளவில் இழுப்பதால், நடுத்துண்டு சுழல்கிறதே தவிர அதன் மையம் நகர்வதில்லை. இரண்டு பிழைகளை எதிரெதிராக நிறுத்தி ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ள வைத்த இந்தத் தந்திரத்தில், அச்சு கிட்டத்தட்ட நேர்க்கோட்டிலேயே ஏறி இறங்குகிறது.

இவ்வண்டியின் அதிர்வடக்கியும் புதிது. சாதாரண அதிர்வடக்கி, ஒரு துளை வழியாக எண்ணெயைப் பிதுக்கி அசைவைத் தணிக்கிறது; துளையின் அளவு மாறாததால், வளைவில் வண்டி மெதுவாகச் சாய்வதைத் தடுக்கும் அளவுக்கு அது விறைப்பாக இருந்தால், கூழாங்கற்களின் படபடப்பையும் உள்ளே அனுப்பிவிடும். ராக்ஸிலுள்ள அதிர்வெண் சார்ந்த அதிர்வடக்கியில், அசைவு விரைந்து மாறி மாறி வரும்போது எண்ணெய்க்கு மேலும் ஒரு வழி திறக்கிறது; மெதுவான அசைவில் அது அடைபட்டு விறைப்புக் கூடுகிறது. கணினி எதுவும் இன்றி, அடைப்பிதழ்களின் அமைப்பே இதைச் செய்துவிடுகிறது என்பதுதான் இதன் அழகு.

ஸ்டியரிங்கிலும் எண்ணெய் போய் மின்மோட்டார் வந்தது. எஞ்சின் சுழற்றும் எண்ணெய்ப் பம்பு எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும்; மின்மோட்டாரோ, கை திருப்பும்போது மட்டும் உதவி, ஊர்ந்து செல்கையில் வளையத்தை இலேசாகவும் நெடுஞ்சாலையில் கனமாகவும் வைத்திருக்கும். 1988இல் சுஸூகியின் செர்வோ என்ற சின்னஞ்சிறு காரில் முதலில் வந்த இந்த ஏற்பாடு, கரடுமுரடான வண்டிகளை வந்தடைய இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது வியப்பே.

கொடுத்ததும் பெற்றதும்

இவ்வளவுக்குப் பிறகும் பின்புறத்தில் முழு அச்சை ஏன் விட்டுவைத்தார்கள் என்று கேட்கலாம். முழு அச்சில் ஒரு சக்கரம் மேலே தள்ளப்பட்டால் மறுசக்கரம் அதனாலேயே தரையை நோக்கி அழுத்தப்படுகிறது. ஓடைக்குள் குறுக்காக இறங்கும்போது பிடி விடாமல் இருக்க இது உதவும். அச்சின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியும் வில் அமுங்குவதால் குறைவதில்லை. தனிச்சக்கர அமைப்பில் இரு முன்சக்கரங்களும் ஒருசேர அமுங்கினால் டிஃப்ரன்ஷியல் சட்டத்தோடு சேர்ந்து தரையை நெருங்கிவிடும். அமெரிக்க ஜீப் ராங்ளரும் ஜிம்னியும் முன்புறத்திலும் முழு அச்சை விடாதிருப்பது பழமைப் பிடிவாதத்தால் அன்று.

நீளத்திலும் இதே பேரம் நடந்திருக்கிறது. மூன்று கதவுத் தாரில் முன்பின் சக்கரங்களின் இடைவெளி 2,450 மி.மீ.; ராக்ஸில் 2,850 மி.மீ. நீண்ட வண்டி முன்னும் பின்னும் ஊஞ்சலாடுவது குறைவு என்பதால் இருக்கையில் சுகம் கூடும். ஆனால் வரப்பு போன்ற ஒரு மேட்டைத் தாண்டும்போது நடுவயிறு தட்டாமல் இருக்கும் கோணம் 27 பாகையிலிருந்து 24 பாகைக்குச் சற்றுக் கீழே இறங்கிவிட்டது. தோப்பு வேலைக்கு மட்டும் வண்டி தேடுபவருக்கு, வருடங்களில் புதியது தேவைகளிலும் பொருத்தமாக இருந்தே தீரும் என்ற உறுதி இல்லை.

பட்டறையில் உயர்த்தப்படும் வண்டி

வாங்கிய வண்டியை மேலும் உயர்த்திக்கொள்ளும் வழக்கம் இளைஞர்களிடையே இப்போது பரவியிருக்கிறது. வில்லுக்கு அடியில் கட்டையோ மேலே வளையமோ செருகி, உடலை 5 செ.மீ. தூக்கிவிட்டால் வண்டி கம்பீரமாகத் தெரிகிறது. வண்டி மாறவில்லை, உயரம் மட்டும் மாறியிருக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். பட்டைவில் ஜீப்பில் இது என்ன செய்கிறது என்பதை முன்பு போட்ட கணக்கே கூறிவிடும். படுக்கையாக இருந்த ஸ்டியரிங் தண்டு, நிற்கும்போதே 5 செ.மீ. சாய்ந்துவிடுகிறது. அதற்குமேல் உடல் குதித்து 5 செ.மீ. எழும்போது, அதாவது சக்கரம் சட்டத்திலிருந்து அந்த அளவு இன்னும் கீழே போகும்போது, வித்தியாசம் கால் செ.மீ.யாக இராமல் முக்கால் செ.மீ. ஆகிறது. அதே அளவு அசைவுக்கு வளையம் மூன்று மடங்கு இழுக்கிறது.

கவட்டைக்கரம் உள்ள புதிய வண்டியில் விளைவு வேறு வகையானது. கரங்கள் எந்நேரமும் கீழ்நோக்கித் தொங்குவதால், பள்ளத்தில் சக்கரம் மேலும் இறங்கித் தரையைத் தொட மிச்சமிருக்கும் இடம் குறைந்துவிடும். சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் தண்டுகளின் மூட்டுகள் கூடுதல் சாய்வில் வேலை செய்து விரைவில் தேயும். சக்கரங்களின் நேர்நிலையும் மாறிவிடும். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடை செய்கிறது. உற்பத்தியாளரின் மூல வடிவமைப்பிலிருந்து விலகக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் உறுதிப்படுத்தியது.

ஏற்கெனவே உயர்த்தப்பட்ட பழைய வண்டியை வாங்க நேர்பவர்கள், எஞ்சினை ஓடவிட்டு, சக்கரம் அசையத் தொடங்கும் வரை வளையத்தை இருபுறமும் மெல்லத் திருப்பி வெற்று ஆட்டம் எவ்வளவு என்று பார்ப்பதும், முன்டயர்களின் உள்விளிம்பு வெளிவிளிம்பைவிடத் தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து தடவிப் பார்ப்பதும், சக்கரங்களின் நேர்நிலையைக் கருவியில் அளந்த பிறகே விலை பேசுவதும் நல்லது.